‘அதிகாரம்’ ஆங்கிலத்தில் இடறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பல வருடங்களுக்கு முன் ஒரு வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். சாட்சி ஒரு குமாஸ்தா. “அந்த ஆபீஸ்ல எல்லா அதிகாரமும் பெரியவர் கையிலதான் சார் இருந்துச்சு” என்று சொல்லியிருந்தார். அதிகாரம் என்றால் ‘அதாரிட்டி’ என்று யோசிக்காமல் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து கேள்வி வந்தது. பெரியவர் வகித்த பதவி எது? அந்த அதாரிட்டியை அவருக்குக் கொடுத்த தீர்மானம் எது, தேதி என்ன? பெரியவரோ ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. பதவியும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. குமாஸ்தா சொன்னது பொய்யில்லை. ஆனால் என் ஒரு சொல்லால் அவர் பொய் சொன்னவரைப்போல நிற்க வேண்டியதாயிற்று. அது இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

அன்றிலிருந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கவனித்து வருகிறேன். எனக்குப் புரிந்தது இதுதான். தமிழில் ‘அதிகாரம்’ என்றால் அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறோம். ஆங்கிலச் சொற்கள் பலவும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. மேலிடம் கொடுத்ததா, ஆளுக்குள்ளேயே இருப்பதா, பிறர் மதிப்பதால் வந்ததா, அடுத்தவரின் பலவீனத்தால் கிடைத்ததா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அகராதியைத் திறந்தால் அகராதியும் நம்மைக் கைவிட்டுவிடும்.

கீழே இருப்பவை நான் பார்த்த கோளாறுகள். எழுதியதற்கு என்ன பதில் வந்தது என்பதுதான் அறிகுறி. உங்களுக்கு வந்த பதில் எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: “எந்த உத்தரவின்படி?” என்று கேள்வி திரும்பி வருகிறது

‘அதாரிட்டி’ என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் கொடுத்தவர் ஒருவர் நிற்கிறார். சட்டமோ, பதவியோ, தீர்மானமோ, கடிதமோ ஏதாவது ஒன்று காட்டியாக வேண்டும். காட்ட ஒன்றும் இல்லையென்றால் அது அதாரிட்டி இல்லை.

அப்படியானால் பெரியவரிடம் இருந்தது என்ன? தமிழில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: செல்வாக்கு. செல்லும் வாக்கு. அவர் வாய் திறந்தால் அது செல்லும், அவ்வளவுதான். இதற்குப் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் ‘இன்ஃப்ளுயன்ஸ்’. இதன் வேர் லத்தீனில் ‘உள்ளே பாய்வது’. நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதருக்குள் பாய்ந்து அவர் விதியை நடத்துகிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். காய்ச்சலுக்கு ‘இன்ஃப்ளுயன்சா’ என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். கண்ணுக்குத் தெரியாமல் பாய்கிறது, உத்தரவு எதுவும் கிடையாது, ஆனால் காரியம் நடக்கிறது. பெரியவருக்கு இது பொருந்தும்.

இதிலேயே நிறபேதங்கள் உண்டு. ‘க்ளவுட்’ (clout) என்றால் அரசியல், பணம் சார்ந்த செல்வாக்கு. சற்றே பேச்சுவழக்கு, வாக்குமூலத்தில் வேண்டாம். ‘ஸ்வே’ என்றால் ஆட்டி அசைப்பது. கூட்டத்தின் மனத்தை ஒரு பக்கம் சாய்க்கிற பேச்சாளருக்குச் சொல்லலாம். ‘லெவரேஜ்’ வேறு சாதி. அது நெம்புகோல். நெம்புகோலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் வேண்டும். எதிராளி உங்களுக்குக் கடன்பட்டிருக்க வேண்டும், அல்லது அவருக்கு அவசரமாக வேண்டிய ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அந்தக் கல்லை எடுத்துவிட்டால் லெவரேஜ் போய்விடும். மரியாதையால் வந்த இன்ஃப்ளுயன்ஸ் அப்படிப் போகாது. பேரம் பேசும் கடிதத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால், மதிக்கிறோம் என்று சொல்ல வந்தது மிரட்டலாகப் போய்ச் சேரும்.

இரண்டு எச்சரிக்கை. ‘அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ என்று எழுதி, யாருடைய என்று சொல்லாமல் விட்டால் குடிபோதையில் இருந்தார் என்று பொருள். அப்புறம், நம் ஊரில் “இன்ஃப்ளுயன்ஸ் வச்சு சீட் வாங்கிட்டான்” என்கிறோமே, அது சிபாரிசு. ஆங்கிலத்தில் அதற்கு ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற சொல்லோ, கயிறு இழுத்தான் என்ற பொருளில் ‘புல்ட் ஸ்ட்ரிங்ஸ்’ என்பதோதான் சரி.

அறிகுறி: ‘கண்ட்ரோல்’ எழுதிய வாக்கியம் தலைகீழாகப் படிக்கப்படுகிறது

“சுகர் கண்ட்ரோல்ல இருக்கு” என்று தினமும் சொல்கிறோம். அதை ‘மை சுகர் இஸ் இன் கண்ட்ரோல்’ என்று எழுதினால், சர்க்கரை உங்களை ஆள்கிறது என்று ஆகிவிடும். ‘இன் கண்ட்ரோல்’ என்றால் ஆள்கிறவர். ‘அண்டர் கண்ட்ரோல்’ என்றால் ஆளப்படுவது. டிரைவர் இன், பஸ் அண்டர். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும், பாதிப் பிழை போய்விடும்.

மேலதிகாரி பதறிப்போய் உடனே போன் செய்கிறாரா? தாமதத்துக்குக் காரணம் சொல்ல வந்து ‘தி சிச்சுவேஷன் இஸ் அவுட் ஆஃப் கண்ட்ரோல்’ என்று எழுதியிருப்பீர்கள். அது காட்டுத்தீக்கும் கலவரத்துக்கும் சொல்வது. என் கையில் இல்லாத காரணம் என்று பணிவாகச் சொல்ல ‘பியாண்ட் மை கண்ட்ரோல்’ என்று எழுதவேண்டும்.

இன்னொரு வகையில் அர்த்தமே புரியாமல் போவதுண்டு. ஐரோப்பாவிலிருந்து ஒரு நிறுவனம் ‘சரக்கை நாங்கள் கண்ட்ரோல் செய்வோம்’ என்று எழுதுகிறது. இங்கே இருப்பவர் சரக்கைப் பறிமுதல் செய்யப்போகிறார்கள் என்று பயப்படுகிறார். பயப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் அதே வேரிலிருந்து வந்த சொல்லுக்குச் சோதித்துப் பார்ப்பது என்பதுதான் முதல் பொருள். ஜெர்மனியில் ரயிலில் டிக்கெட் பார்க்க வருவதற்குப் பெயரே கொன்ட்ரோலே.

இதன் கதையை நான் யாரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்! இடைக்காலத்தில் கணக்கைச் சுருளில் எழுதினார்கள். முதல் சுருளில் கைவைத்துவிடக் கூடாது என்று ஒத்துப்பார்ப்பதற்காக இன்னொருவர் இரண்டாவது சுருள் ஒன்று வைத்திருப்பார். லத்தீனில் அது ‘கான்ட்ரா ரோட்டுலஸ்’, எதிர்ச்சுருள். ரசீதுப் புத்தகத்தில் அடிக்கட்டை இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வேலை. அந்த எதிர்ச்சுருள்தான் கண்ட்ரோல் ஆயிற்று. அடக்குவது, ஆட்டிவைப்பது எல்லாம் பிறகு சேர்ந்த பொருள்.

இது தெரிந்தால் சில பழைய புதிர்கள் அவிழும். இந்திய அரசமைப்பின் 148-ஆம் பிரிவு சொல்லும் ‘கம்ப்ட்ரோலர் அண்ட் ஆடிட்டர் ஜெனரல்’ பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் ‘கண்ட்ரோலர்’தான். கணக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து யாரோ எழுத்தை மாற்றினார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. அந்தப் பதவியில் இருப்பவர் கணக்கை ஒத்துப்பார்க்கிறவர். மருத்துவ ஆய்வில் வரும் ‘கண்ட்ரோல் குரூப்’பும் அப்படித்தான். அவர்களை யாரும் கட்டுப்படுத்துவதில்லை. மருந்து கொடுத்த குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் எதிர்ச்சுருள் அவர்கள். ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்ற மொழிபெயர்ப்பு வழக்கத்தில் இருக்கிறது. நான் ‘ஒப்பீட்டுக் குழு’ என்றே எழுதுகிறேன். படிக்கிற நோயாளிக்கு அதுதான் புரியும்.

அறிகுறி: “விலையை நீங்களா நிர்ணயிக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள்

‘ரெகுலேட்’ எழுத வேண்டிய இடத்தில் ‘கண்ட்ரோல்’ எழுதியிருப்பீர்கள். தமிழில் இரண்டையும் ‘கட்டுப்படுத்துதல்’ என்று சொல்லிவிடுகிறோம், ‘ஒழுங்குபடுத்துதல்’ என்ற சொல் கையில் இருந்தும்.

வித்தியாசத்தை நம் ஊர்ச் சட்டத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1960-இன் வாடகைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ‘ரென்ட் கண்ட்ரோல்’ இருந்தது. நியாய வாடகை எவ்வளவு என்று கணக்குப்போட்டு நிர்ணயிக்கிறவருக்குப் பெயர் ‘கண்ட்ரோலர்’. அந்த இடத்துக்கு 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் பெயர் ‘ரெகுலேஷன்’ என்று தொடங்குகிறது. இப்போது வாடகைத் தொகை வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும் என்று விதி வைப்பதோடு சட்டம் நிற்கிறது. பழைய ‘கண்ட்ரோலர்’ இருந்த இடத்தில் இப்போது ‘ரென்ட் அதாரிட்டி’. முடிவைக் கையில் வைத்திருந்தால் கண்ட்ரோல், விதியை மட்டும் வைத்திருந்தால் ரெகுலேஷன். வழக்குமன்றத்துக்கு வெளியே இருக்கிறவர்களும் இந்தப் பெயர் மாற்றத்தைக் கவனிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவே மாறிப்போயிருக்கிறது.

அந்நியச் செலாவணியில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்கள். 1973-இன் சட்டம் ‘ரெகுலேஷன்’. அதை நீக்கிவிட்டு வந்த 1999-இன் சட்டம் ‘மேனேஜ்மென்ட்’. பழைய சட்டத்தில் மீறல் குற்றவியல் விவகாரம். புதியதில் பெரும்பாலும் உரிமையியல் அபராதத்தோடு முடியும். பெயரில் உள்ள சொல் இளகியபோது உள்ளே இருந்த பிடியும் இளகியது.

ஊழியர்களைப் பற்றி எழுதும்போதும் இதே பார்வை உதவும். கீழே பத்துப் பேரை வேலை வாங்குகிற ஒருவர் தன் விண்ணப்பத்தில் ‘ஐ கண்ட்ரோல் டென் பீப்பிள்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு நெருடும். ‘சூப்பர்வைஸ்’ அல்லது ‘மேனேஜ்’ போதும்.

அறிகுறி: பாராட்டி எழுதியது திட்டு போலப் படிக்கப்படுகிறது

ஓர் ஆசிரியைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்த தலைமையாசிரியரைத் தெரியும். பாடத்தில் அவருக்கு இருந்த ஆழ்ந்த புலமையைச் சொல்ல வந்து ‘அதாரிட்டேரியன்’ என்று எழுதிவிட்டார். அது சர்வாதிகாரப் போக்கு. அவர் தேடிய சொல் ‘அதாரிட்டேட்டிவ்’. நம்பத்தக்க, மறுக்க முடியாத என்ற பொருள். வால் மட்டும்தான் வேறு, ஆனால் ஒருவரின் வேலையே இதில் தொங்குகிறது.

டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் குழந்தை வளர்ப்பு முறைகளைப் பிரித்தபோது இந்த இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தினார். காரணம் சொல்லாமல் கீழ்ப்படியச் சொல்கிற பெற்றோர் அதாரிட்டேரியன். கண்டிப்பாக இருந்தாலும் ஏன் என்று விளக்கி, பிள்ளை சொல்வதையும் காதில் வாங்குகிற பெற்றோர் அதாரிட்டேட்டிவ். தமிழில் இரண்டையும் “அதிகாரமான அப்பா” என்று சொன்னால் ஆய்வே குழம்பிப்போகும். ‘அடக்கி வளர்ப்பவர்’, ‘கண்டிப்போடு அரவணைப்பவர்’ என்று விரித்துத்தான் சொல்லவேண்டும்.

இதே குடும்பத்தில் ‘டாமினன்ட்’ என்றால் முன்னணியில் இருப்பது, குற்றம் சொல்வதாகாது. ‘டாமினேட்’ ஆட்டத்தில் என்றால் பாராட்டு, கூட்டத்தில் என்றால் குறை. ‘டாமினியரிங்’ என்றால் எப்போதும் திட்டுதான்.

மறுபக்கமாகவும் தடுக்கும். அரசுக் கடிதங்களில் வரும் ‘காம்பிடென்ட் அதாரிட்டி’யைத் ‘திறமையான அதிகாரி’ என்று பெயர்த்திருந்த படிவத்தைப் பார்த்திருக்கிறேன். படிவம் நிரப்ப வந்தவர், “எந்த அதிகாரி திறமையானவர்னு நான் எப்படிங்க முடிவு பண்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே காம்பிடென்ட் என்பதற்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காரியத்தைச் செய்யச் சட்டப்படி உரிமை உள்ளவர் என்பதே பொருள். ‘உரிய அதிகாரி’ என்று எழுதினால் தீர்ந்தது.

அறிகுறி: ஆங்கிலத்தில் இரண்டு சொல், தமிழில் ‘அதிகாரமும் அதிகாரமும்’

சட்டம் பெயர்ப்பவர்கள் எல்லாரும் இங்கே ஒருமுறையாவது முட்டிக்கொள்வோம். இந்திய அரசமைப்பில் பஞ்சாயத்துகள் பற்றிய 243ஜி பிரிவில், மாநிலச் சட்டமன்றம் பஞ்சாயத்துகளுக்கு ‘பவர்ஸ் அண்ட் அதாரிட்டி’ வழங்கலாம் என்று இருக்கிறது. ஏன் இரண்டு? ‘பவர்ஸ்’ என்று பன்மையில் வந்தால் எண்ணிக் காட்டக்கூடிய செயல்கள்: வரி விதிப்பது, உரிமம் கொடுப்பது, அபராதம் போடுவது. ‘அதாரிட்டி’ என்று ஒருமையில் வந்தால் அந்தச் செயல்களைப் பிறர் ஏற்கும்படி செய்கிற தகுதிநிலை. முதலாவதை ‘அதிகாரங்கள்’ என்றும் இரண்டாவதை ‘அதிகாரத் தகுதி’ அல்லது ‘ஆணையுரிமை’ என்றும் பிரித்தால் ஓரளவு நிற்கும். அதே வாக்கியத்தில் வருகிற ‘மே’ என்ற துணைவினையையும் விட்டுவிடாதீர்கள். அது வழங்கலாம், வழங்கவேண்டும் அல்ல. பஞ்சாயத்துகள் இன்னும் கையேந்தி நிற்பதில் அந்தச் சின்னச் சொல்லுக்குப் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அடுத்தது பகிர்வு. ‘டெலிகேட்’ என்றால் என் வேலையை என் சார்பில் செய் என்று கொடுப்பது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம், பொறுப்பும் கொடுத்தவர் தலையில்தான். ‘டிவால்வ்’ என்றால் சட்டத்தாலேயே கீழுள்ள அமைப்பிடம் இறக்கிவைப்பது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தாங்களாகவே முடிவெடுப்பார்கள், ஆனாலும் இறக்கிவைத்த நாடாளுமன்றம் சட்டப்படி மேலேயே இருக்கும். 1998-இன் சட்டத்தால் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது இது. ‘பவர் ஷேரிங்’ என்றால் ஒரே அரசில் இரு தரப்பும் சேர்ந்து உட்காருவது. தமிழில் பின்னிரண்டுக்கும் ‘அதிகாரப் பகிர்வு’ என்று எழுதிவிடுகிறோம். இலங்கையில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 1987-இன் பதின்மூன்றாவது அரசமைப்புத் திருத்தம் பற்றிப் பேசும்போது இந்த மயக்கம் வெறும் சொல் மயக்கமாக நிற்பதில்லை. கேட்டது எது, கிடைத்தது எது என்பதே அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது. டிவல்யூஷனுக்கு ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்றும், கூட்டாக ஆள்வதற்கு மட்டும் ‘பகிர்வு’ என்றும் வைத்துக்கொள்ளும்படி என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

டெலிகேட் செய்வதற்கு நம் வீட்டு உதாரணம் பவர் பத்திரம். “இடத்தைப் பவர் வாங்கிட்டேன்” என்று நிலத்தையே வாங்கிவிட்டதுபோலப் பேசுகிறார்கள். பெயரில் பவர் என்று இருந்தாலும் கிடைப்பது ஒருவர் சார்பில் செயல்பட அவர் தந்த அதாரிட்டி மட்டும்தான். பவர் பத்திரத்தால் சொத்தின் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு சேமிப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பலகைகளிலும் ஒரு சின்னச் சிக்கல். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை ஆணையமும் ஆணையம், தேர்தல் ஆணையமும் ஆணையம். ஆங்கிலத்தில் முதலாவது ‘அதாரிட்டி’, இரண்டாவது ‘கமிஷன்’. இலங்கைத் தமிழில் அதிகாரசபை, ஆணைக்குழு என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. நாம் ஒவ்வொரு முறையும் அமைப்பின் ஆங்கிலப் பெயரைப் பார்த்து உறுதி செய்வதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: வெளிநாட்டு மருத்துவருக்கு ‘ஹை பவர் மாத்திரை’ புரியவில்லை

“மாத்திரை பவர் ஜாஸ்தி” என்பது ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’. ஐந்நூறு மில்லிகிராம் என்பது மாத்திரையின் ‘ஸ்ட்ரெங்த்’. டீயும் காற்றும் வாசனையும் ஸ்ட்ராங். இன்ஜினும் பேச்சும் பவர்ஃபுல். உள்ளே அடர்ந்து இருப்பதற்கு ஸ்ட்ராங், வெளியே வேலை செய்து காட்டுவதற்குப் பவர்ஃபுல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும்.

இயற்பியல் பெயர்க்கிறீர்கள் என்றால் பேச்சு வழக்கை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஃபோர்ஸ் விசை, எனர்ஜி ஆற்றல், பவர் திறன். இலங்கையில் எனர்ஜி சக்தி, பவர் வலு. எந்தப் பிள்ளைக்கு எழுதுகிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அறிகுறி: எழுத்துப்பிழை என்று வட்டம் போட்டு வருகிறது

‘ஃப்ரீ ரெய்ன்’. இந்த ரெய்ன் அரசாட்சி இல்லை, கடிவாளம். குதிரையின் கடிவாளத்தைத் தளர்த்தி அதன் போக்கில் விடுவது. அரசாட்சியைக் குறிக்கிற, நடுவில் ‘ஜி’ எழுத்து உள்ள ரெய்னைப் போட்டுவிட்டால் பிழை. ஆங்கிலேயர்களே அடிக்கடி தவறுகிற இடம். அந்த ஆட்சி ரெய்னுக்கும் ‘ரூல்’ என்பதற்கும் இடைவெளி உண்டு: பிரிட்டிஷ் மன்னர் ரெய்ன் செய்கிறார், ரூல் செய்வதில்லை. தமிழில் ‘அரசுக்கட்டிலில் இருக்கிறார், ஆள்வது அமைச்சரவை’ என்று இரண்டாகச் சொன்னால் தெளிவு.

அறிகுறி: எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒட்டவில்லை

பெயர்ச்சொல்லை விட்டுவிடுங்கள். யார் சொன்னார், யார் செய்தார் என்று வினையாக எழுதுங்கள். குமாஸ்தாவின் வாக்குமூலத்தை அப்படித்தான் கடைசியில் திருத்தினேன். இன்ஃப்ளுயன்ஸ் என்று மாற்றிப் பார்த்தேன், சாட்சி சொன்ன அழுத்தம் அதில் வரவில்லை. மறுபடியும் அவரிடம் போய் உட்கார்ந்து, அப்படியென்றால் என்ன நடக்கும், சொல்லுங்கள் என்று கேட்டேன். “செக்ல கையெழுத்து மேனேஜர்தான் போடுவார் சார். ஆனா பெரியவர் தலையாட்டாம பேனாவ எடுக்க மாட்டார்” என்றார். அந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் வைத்தேன்.